பொத்தான் பவளம்

அந்தக் கடைக்கு இரண்டு வாசல். இடது வாசலில் அண்ணன், நல்ல தண்ணீர் மீன் வியாபாரம். வலது வாசலில் தங்கை, உப்புத் தண்ணீர் மீனும் உயிருள்ள பவளமும். “என்கிட்ட மீன் வாங்கினா ஒரு வாரம் கவலை, என் தங்கச்சிகிட்ட வாங்கினா ஆயுசுக்கும் கவலை” என்று அண்ணனே வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். தங்கைக்குக் கோபம் வராது. அவர் சொல்வதில் பொய் இல்லையே.

அவளை எல்லாரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணில் கண்ணாடி கிடையாது. மீன் விற்க வருவதற்கு முன் பதினைந்து வருடம் தொட்டிகளுக்குக் கண்ணாடி வெட்டி ஒட்டியவள். இரண்டு கையிலும் நூல் நூலாகத் தழும்பு. யார் வந்து எந்த மீனைக் கை காட்டினாலும் விலை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள்.

“வீட்டுல ஏற்கெனவே யார் யார் இருக்காங்க?”

புதிதாக வருகிறவர்கள் மனைவி, மக்கள், மாமியார் என்று ஆரம்பிப்பார்கள். தொட்டிக்குள் இருப்பவர்களைக் கேட்கிறாள் என்று புரிய ஒரு நிமிடம் ஆகும். முதல் தடவையிலேயே சரியாகப் பதில் சொன்னவர் சர்வேயர் ஒருவர்தான்.

“யாரும் இல்லக்கா. நாலடித் தொட்டி. கல்லும் தண்ணியும் மட்டும். தண்ணி பக்குவமாகட்டும்னு ஏழு வாரமா காலியா ஓடுது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்த மனிதரை அவள் அதுவரை சந்தித்ததில்லை. ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும். நில அளவைத் துறையில் வேலை. வருடத்தில் பாதி நாள் மலையேறி எல்லைக்கல் பார்க்கிறவர். கையில் கட்டம் போட்ட நோட்டு. அதில் மேலே இருபது மீன், பக்கவாட்டில் அதே இருபது மீன். ஒன்றோடு ஒன்று சேருமா சேராதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் சரியோ தப்போ போட்டு வைத்திருந்தார். பவளங்களுக்குத் தனிப் பத்தி.

“கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டீங்க போல சார்.”

“அதுல ஒரே ஒரு கட்டம்தானேக்கா” என்றார் சிரிக்காமல்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் அந்த நோட்டை வைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். அவள் தன் அனுபவத்தைக் கொட்டினாள். சாதுவை முதலில் விடணும், ரௌடியைக் கடைசியில் விடணும். முதலில் போனவன் வீடே தன் பேருக்குப் பட்டா ஆனமாதிரி நடந்துகொள்வான். கோமாளி மீன் என்றால் ஜோடியாக வாங்கணும். மஞ்சள் டேங் மீன் பாசியைத்தான் தின்னும், பவளத்தைத் தொடாது, ஆனால் தன் நிறத்தில் இன்னொருவனைப் பார்த்தால் கிழித்துவிடும். ஏஞ்சல் மீன் ஆறு மாதம் சாமியார் மாதிரி இருந்துவிட்டு ஏழாவது மாதம் பவளத்தைக் கடிக்கும். அவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த நான்கு மாதத்தில் சொன்ன வரிசையில், சொன்ன இடைவெளியில் மீன்களை வாங்கிப்போனார். கடைசியாகப் பருந்து மீன். விரல் நீளத்துக்குச் சிவப்பு மீன். நீந்தாமல் கல் மேல் உட்கார்ந்து கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருக்கும்.

“இது பவளத்தை ஒண்ணும் பண்ணாது. ஆனா இது இருக்கிற வீட்டுல இறாலை விடாதீங்க. பார்த்த நிமிஷம் லபக்” என்றாள்.

அவர் இறாலின் பத்தியில் தப்புக் குறி போட்டார். மீன் பையோடு அவள் ஒரு சின்னக் கல்லையும் நீட்டினாள். அதன் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பாக ஏழெட்டுப் பவளம் ஒட்டியிருந்தது.

“இது என்னக்கா?”

“பொத்தான் பவளம். நம்ம அன்பளிப்பு, சும்மா எடுத்துட்டுப் போங்க. கொன்னாலும் சாகாது.”

அப்படித்தான் எல்லாருக்கும் கொடுப்பாள். பார்க்க அழகில்லாததால் விலைக்கு யாரும் கேட்காத பவளம் அது. கடைத் தொட்டியின் மூலையில் தாய்க்கல் ஒன்று பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடந்தது. புதிதாகப் பவளம் வளர்ப்பவர்களுக்கு ஒன்றாவது உயிரோடு இருந்தால் தைரியம் வரும் என்று உடைத்து உடைத்துக் கொடுத்தாள். உடைக்கும்போது அவள் கையுறை போட்டுக்கொள்வாள். அதில் விஷம் இருக்கிறது, கண்ணில் தெறித்தால் பார்வை போகும், சூடு பட்டால் அந்த ஆவியே ஆளைச் சாய்க்கும் என்று அவளுக்குச் சரக்கு அனுப்புகிறவர் எப்போதோ சொல்லியிருந்தார். தொட்டிக்குள் இருக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பவளத்தை யார் அடுப்பில் ஏற்றப்போகிறார்கள்? அதனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சும்மா கொடுக்கும் பொருளைப் பயமுறுத்திக் கொடுப்பானேன்?

ஒன்றரை மாதம் கழித்துச் சர்வேயர் ஒரு படத்தைக் காட்டினார். கல்லின் சந்தில் சின்னதாக, கண்ணாடி மாதிரி ஒரு பூ.

“களைப்பூ” என்றாள் அவள். “கல்லோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். பக்கத்துல இருக்கிற பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொல்லும். நசுக்காதீங்க, கிள்ளாதீங்க. ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் ஒண்ணு பத்தாகும்.”

“என்ன தின்னும் இதை?”

“ஒரு வகை இறால் தின்னும்.”

அவர் நோட்டைத் திறந்தார். பருந்து மீன் கட்டத்தில் தப்புக் குறி.

“பட்டாம்பூச்சி மீன் தின்னும். ஆனா தின்னாலும் தின்னும், தின்னாமலும் போகும். சிலது களையை விட்டுட்டுப் பவளத்தைக் கொத்தும். சிலது எதையும் தொடாம பட்டினி கிடந்து செத்துடும். பேசாம பருந்தைப் பிடிச்சு என்கிட்ட கொடுத்துடுங்க, இறாலை விடலாம்.”

பருந்து மீன் பிடிபடவில்லை. வலையைப் பார்த்தாலே கல்லுக்குள் போய்விடும். கல்லையெல்லாம் வெளியே எடுத்தால் பவளம் உடையும். சர்வேயர் நாளுக்கு நாள் எண்ணிக்கொண்டே இருந்தார். பதினொன்று என்றார். அடுத்த வாரம் இருபத்து மூன்று. அதற்கடுத்த வாரம் வேறு கடையில் பட்டாம்பூச்சி மீன் வாங்கி விட்டதாகச் சொன்னார். பத்து நாளில் அது இரண்டு நல்ல பவளத்தைக் கொத்திக் குதறிவிட்டு, வயிறு ஒட்டிச் செத்துப்போனது. களைப்பூ அறுபத்து நான்கு.

இப்போது அவர் போனில் வணக்கம் சொல்வதையும் விட்டிருந்தார். எடுத்ததும் எண்ணிக்கைதான்.

ஒரு நாள் மதியம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். தோளில் துணிப்பை, பை நிறையப் புத்தகம். எந்த மீனையும் பார்க்காமல் நேராகக் கல்லாவுக்கு வந்து நின்றாள்.

“நான் சர்வேயர் வீட்டுக்காரிங்க. நூலகத்துல வேலை.”

“வாங்கம்மா, உட்காருங்க.”

“உட்கார நேரமில்லக்கா. அவரு மூணு வாரமா லீவு போட்டுட்டு தொட்டி முன்னாடியே உட்கார்ந்திருக்காரு. சாப்பாட்டுத் தட்டையும் அங்கதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் என்ன பேசினாலும் ‘இரு, எண்ணிக்கை விட்டுப்போச்சு’ங்கறாரு. நீங்க சொன்னா கேட்பாரு. அந்தத் தொட்டியைக் காலி பண்ணச் சொல்லுங்க, இல்ல வேற எதையாவது சொல்லுங்க.”

“பேசறேன்மா. ஞாயித்துக்கிழமை சரக்கு வருது, அது முடிஞ்சதும் நானே வீட்டுக்கு வர்றேன்.”

அந்தப் பெண் தலையாட்டினாள். வாசல் வரை போனவள் திரும்பி, “அவரு முன்ன இப்படி இல்லக்கா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சரக்கு வந்தது. முப்பத்தாறு பைகள். வழியில் வெயில் பட்டதால் பாதி மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் பெற்ற தாய் கூப்பிட்டாலும் அவளுக்குக் காது கேட்காது. ஒவ்வொரு பையையும் தொட்டியில் மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

“அக்கா, முடிவு பண்ணிட்டேன். களை அதிகமா புடிச்ச கல்லு ரெண்டையும் வெளிய எடுத்துட்டேன்.”

“ம்.”

“கொதிக்கிற தண்ணில போட்டா களை செத்துடும்தானே?”

ஒரு பை நழுவியது. அவள் தாவிப் பிடித்தாள். “செத்துடும், செத்துடும். செய்ங்க சார். நான் அப்புறமா பேசறேன்.”

போனை மேசையில் போட்டாள். அண்ணன் பக்கத்துத் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரு, உன் எண்ணிக்கை மாமாவா?” என்று கேட்டார். அவள் அடுத்த பையை எடுத்தாள். இன்னும் பதினாறு பை பாக்கி.

முக்கால் மணி நேரம் கழித்துக் கடைசிப் பையை மூலைத் தொட்டியில் மிதக்கவிடக் குனிந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பழுப்பு நிறத் தாய்க்கல், வாய் திறந்த பொத்தான்களோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போன வாரம் அனுப்பிய படம் அவள் கண்முன் வந்தது. களைப்பூ அடர்ந்த பெரிய கல். அதன் ஓரத்தில், அவள் கொடுத்த சின்னக் கல்லிலிருந்து இறங்கிப் படர்ந்து, கை அகலத்துக்குப் பழுப்பு.

ஈரக்கையோடு போனை எடுத்து அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். வீட்டுக்காரியின் எண் அவளிடம் இல்லை.

“அண்ணா, வண்டியை எடு!”

“சரக்கை அப்படியே போட்டுட்டு எங்க...”

“எடுன்னா எடு!”

தங்கை அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. கேள்வி கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தார். பத்து நிமிட வழி. அவள் பின்னால் உட்கார்ந்து விடாமல் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் அண்ணன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார்.

நாலாவது மாடி. பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்ததால், தூசிக்குப் பயந்து அந்தப் பக்க வீடுகள் எல்லாம் ஜன்னலை அடைத்து ஏசி போட்டிருந்தன. அண்ணனைப் படியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அவள் கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ இருமுவது கேட்டது. சர்வேயர் மனைவிதான் கதவைத் திறந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“வாங்கக்கா... சாயங்காலம்தான் வருவீங்கன்னு...” மேலே பேச முடியாமல் இருமினாள். வீட்டுக்குள்ளிருந்து கடற்கரையில் ஏதோ அழுகினாற்போல் வெதுவெதுப்பான நாற்றம் வந்தது.

“வெளிய வாம்மா. எதையும் எடுக்காத, அப்படியே வா. அண்ணா, இவங்களைக் கீழ கூட்டிட்டுப் போ!”

முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு அவள் உள்ளே போனாள். சமையலறையில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் குனிந்து, இடுக்கியால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார் சர்வேயர். முகமெல்லாம் ஆவி வேர்த்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தாள்.

“அக்கா! சரியான நேரத்துக்கு வந்தீங்க. ஒண்ணுகூடத் தப்பல, பாருங்க.”

அவள் அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள், தாழ் இறுகியிருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வெளிய வாங்க சார். அந்தப் பழுப்புப் பவளம் விஷம். ஆவியில வருது.”

“எனக்கு ஒண்ணும் பண்ணலியே? வாயில மட்டும் செப்புக்காசை ஒதுக்கிக்கிட்ட மாதிரி இருக்கு. இன்னொரு கல்லு பாக்கி இருக்குக்கா, அஞ்சு நிமிஷம்.”

“சார், உங்க வீட்டம்மா கீழ மூச்சு விட முடியாம நிக்கிறாங்க!”

அதற்குப் பிறகுதான் அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். வைத்த கையை விரித்துப் பார்த்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். “விரல் நுனி மரத்திருக்கே” என்றார், அடுத்தவர் விரலைப் பற்றிப் பேசுவதுபோல.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டருக்கு விஷயத்தைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“பவளமா? மோதிரத்துல போடுறதா? அதை முழுங்கிட்டாங்களா?”

“அது இல்லீங்க. உயிரோட இருக்கிற பவளம். மீன் தொட்டியில வளர்ற ஜீவன். அதுல பாலிடாக்ஸின்னு ஒரு விஷம். இவங்க கொதிக்க வெச்சு அந்த ஆவியை முக்கால் மணி நேரமா சுவாசிச்சிருக்காங்க.”

டாக்டர் அவள் ஈரப் புடவையையும் தழும்புக் கையையும் பார்த்தார். பிறகு தன் போனில் தேடினார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. “ரெண்டு பேருக்கும் ஆக்ஸிஜன் வைங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவளிடம் திரும்பி, “இதுக்குன்னு மாற்று மருந்து கிடையாதும்மா. உடம்பு தாங்குற வரைக்கும் நாங்க தாங்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

மதியம் இரண்டு மணிவரை சர்வேயர் படுக்கையில் உட்கார்ந்து, மின்சாரம் போனால் தொட்டியில் பம்பு நின்றுவிடுமே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குக் குளிர் தூக்கிப்போட்டது. நாலு மணிக்கு அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கண்ணாடியக்கா பெஞ்சில் உட்கார்ந்து தன் பற்கள் கிடுகிடுப்பதைப் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். நூற்று மூன்று டிகிரி. அவளுக்கும் ஒரு படுக்கை போட்டார்கள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் அண்ணன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“இங்க பாரு. அந்த மனுஷன் பிழைப்பாரா மாட்டாரான்னே தெரியல. போன்ல என்ன பேசினேன்னு யாராவது கேட்டா, இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லிடு. பொய்யும் இல்ல. நீ எங்க கேட்ட?”

“கேட்டேன்” என்றாள் அவள்.

“கேட்ட சரி, மனசுல வாங்கலைல்ல?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சர்வேயர் மனைவி நடமாடத் தொடங்கினாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக் கதவுக்கு வெளியே, போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணாடியக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள். அண்ணன் பின்னாலேயே வந்தார்.

“‘அக்காகிட்ட கேட்டுட்டேன், செய்யுங்கன்னாங்க’ன்னு சொல்லிட்டுத்தான் பாத்திரத்தை எடுத்தாரு” என்றாள் அந்தப் பெண், கதவைப் பார்த்துக்கொண்டே. “சொன்னீங்களா?”

அண்ணன் தங்கையின் முழங்கையை அழுத்தினார்.

“சொன்னேம்மா. சரக்கு இறக்கிற அவசரத்துல சொன்னேன். ஆனா சொன்னேன்.”

“அந்த விஷப் பவளமும் உங்க கடையோடதுதானே?”

“ஆமா.”

“அதுல விஷம் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“எவ்வளவு வாங்கினீங்க அதுக்கு?”

“சும்மாதான்மா கொடுத்தேன்.”

அந்தப் பெண் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள். “சும்மாவா” என்றாள். மறுபடி கதவைப் பார்த்து நின்றுகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று கண்ணாடியக்காவுக்கு இருந்தது.

சர்வேயர் பிழைத்தார். பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நுரையீரல் பழையபடி ஆகாது, மலையேறும் வேலை இனி கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். துறையில் அவரை வரைபட அறைக்கு மாற்றினார்கள். தொட்டியைக் காலி பண்ணித் தரச் சொல்லி அவர் மனைவி கடைக்குச் செய்தி அனுப்பினாள்.

கண்ணாடியக்கா முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அண்ணனோடு போனாள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. மிச்சமிருந்த கல்லையெல்லாம் ப்ளீச்சிங் கரைசல் வாளியில் முக்கி, மூடி, கீழே கொண்டுபோனாள். கல் இல்லாத தொட்டியில் பருந்து மீனுக்கு ஒளிய இடமில்லை. ஒரே வீச்சில் வலையில் விழுந்தது. படுக்கையறை வாசலில் சுவரைப் பிடித்தபடி சர்வேயர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவது கூடம் முழுக்கக் கேட்டது.

“பட்டியல்ல தப்பு எங்கன்னு யோசிச்சுட்டே இருக்கேன்கா” என்றார். “மீனுக்கும் மீனுக்கும் பார்த்தேன். மீனுக்கும் பவளத்துக்கும் பார்த்தேன். மனுஷனுக்குப் பத்தியே போடல.”

“அது நான் சொல்லியிருக்க வேண்டிய பத்தி சார்.”

மனைவி வந்து அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று மதியம் அவள் கடைத் தொட்டியின் தாய்க்கல்லையும் வெளியே எடுத்து ப்ளீச்சிங் வாளியில் போட்டாள். ஒரு தாளை எடுத்து, இத்தனை வருடத்தில் யார் யாருக்குப் பொத்தான் பவளம் கொடுத்தோம் என்று எழுத உட்கார்ந்தாள். விலைக்கு விற்றதற்குச் சீட்டு இருக்கும். சும்மா கொடுத்ததற்கு ஏது? பல் டாக்டர், தபால்காரர் மருமகன், கார் பழுது பார்ப்பவர், நடன டீச்சர் என்று இருபத்தொரு பேர் ஞாபகம் வந்தார்கள். குறைந்தது ஐம்பது பேருக்காவது கொடுத்திருப்பாள். மற்றவர்களின் முகம்கூட நினைவில் இல்லை.

ஒவ்வொருவராக அழைத்தாள். பாதிப் பேர் எடுத்தார்கள். அப்படியே தொடாமல் வையுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். சிலருடைய எண் உபயோகத்தில் இல்லை. பட்டியலில் பதினான்காவது, நடன டீச்சர்.

“அந்தப் பொத்தானா? ஐயோ அக்கா, அதை மாதிரி ஒண்ணு உண்டா! மத்ததெல்லாம் செத்துப்போச்சு, அது மட்டும் காடு மாதிரி வளர்ந்துச்சு. எங்க சின்ன நாத்தனார் ஒரு கல்லு கேட்டான்னு உடைச்சுக் கொடுத்தேன். என்கிட்ட கத்துக்கிற பிள்ளைங்க வீட்டுக்கும் நாலஞ்சு கொடுத்திருக்கேன்.”

“எந்தெந்தப் பிள்ளைங்க? பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

“எல்லாம் போன வருஷத்துப் பிள்ளைங்கக்கா. யார் யாருன்னு இப்ப எங்க ஞாபகம் இருக்கு? எதுக்குக் கேக்குறீங்க?”

கண்ணாடியக்கா பேனாவைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.